பேர் யாருக்கு, பாட்டு யாருக்கு: பிரிந்த மெட்டல் குழுவுக்கு முன்னால் நான்கு வழிகள்

புது ஆல்பத்துக்கு மாஸ்டரிங் (கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்துவிட்டது. திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஐந்து பேர் மெட்டல் இசைக்குழு மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது. மூவர் அதே பெயரில் ஆல்பத்தை வெளியிடப் போவதாக அறிவிக்கிறார்கள். "பேரு வெச்சதே நானுங்ண்ணா, நான் இல்லாம அந்தப் பேர்ல எப்படிங் வரும்?" என்கிறார் விலகிய கிடாரிஸ்ட். ரசிகர்களும் இரண்டு கட்சியாகி, எது அசல் என்று அடித்துக்கொள்கிறார்கள்.

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரி மேடைகளில் தொடங்கும் எந்தக் குழுவுக்கும் இந்த நாள் வரலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய மெட்டல் குழுக்களுக்கே வந்திருக்கிறது. அந்தக் குழுக்கள் எடுத்த முடிவுகளையும் நம் நாட்டுச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன: பெயருக்காக வழக்காடுவது, பழைய பெயரோடு ஒரு ஒட்டுச் சொல் சேர்ப்பது, புதுப் பெயர் வைப்பது, எழுதிப் பிரித்துக்கொள்வது.

முதலில் சொத்துக் கணக்கு

கொங்கு நாட்டில் பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது தோட்டத்தை ஒரு வரியிலும், பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறைத் தண்ணீர் என்பதை இன்னொரு வரியிலும், வண்டித்தடத்தை வேறொரு வரியிலும் எழுதுவார்கள். தோட்டம் எழுதிக் கொடுத்தவர் தடம் எழுத மறந்தால் பேரன் காலம் வரைக்கும் சண்டைதான். இசைக்குழுவிலும் அதே கதை. "பேண்டு யாருது?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் பேச்சு முறிகிறது. அங்கே இருப்பது நான்கு தனித்தனிச் சொத்து.

முதலாவது பாடல். மெட்டுக்கும் வரிக்கும் உரிமை அவற்றை எழுதியவர்களுடையது. சேர்ந்து எழுதியிருந்தால் கூட்டு உரிமை. குழுவை விட்டுப் போனாலும் அது கூடவே போகும்.

இரண்டாவது பதிவு, அதாவது மாஸ்டர். பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவைச் செய்ய முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரே தயாரிப்பாளர். நடைமுறையில் ஸ்டுடியோ பில் யார் பெயரில், பணம் எந்தக் கணக்கிலிருந்து போனது என்பதுதான் முதலில் கேட்கப்படும். நான்கு பேர் ஜிபேயில் பங்கு போட்டு, ஒருவர் பெயரில் பில் வாங்கிய குழுக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பங்குப் பணம் போன ஸ்கிரீன்ஷாட்டுகளை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது லோகோ. முள்வேலி மாதிரி பின்னிய எழுத்தில் வரையப்படும் மெட்டல் லோகோ ஒரு ஓவியப் படைப்பு. அதை வெளி ஆளிடம் வரைந்து வாங்கியிருந்தால், எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை உரிமை வரைந்தவரிடமே நிற்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. எழுதி வாங்கும்போதும் கவனம் வேண்டும். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. "உலகம் முழுதும், பதிப்புரிமைக் காலம் முழுதும்" என்ற சொற்கள் அந்தத் தாளில் இருந்தே ஆக வேண்டும்.

நான்காவதுதான் பெயர். பெயருக்குப் பதிப்புரிமை கிடையாது. அதில் இருப்பது நற்பெயர், வணிகக் குறி (டிரேட்மார்க்). "நான் வெச்ச பேரு" என்பது கேட்க நியாயமாக இருக்கும், சட்டத்தில் பெரிய எடை கிடையாது. அந்தப் பெயரில் யார் யார் மேடை ஏறி, விற்று, மக்கள் மனதில் பதிய வைத்தார்கள் என்பதே எடை. கச்சேரிப் பணத்தை லாபம், நஷ்டம் பார்த்துப் பங்கு போட்டுக்கொண்டு வந்திருந்தால், பத்திரம் எழுதாவிட்டாலும் அது கூட்டாண்மை என்று வாதிடலாம். 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 14-வது பிரிவு நற்பெயரைக் கூட்டின் சொத்தாகவே சொல்கிறது. கூட்டு கலைந்தால், கணக்கு முடியும் வரை மற்றவர் அந்தப் பெயரில் தொழில் செய்வதைத் தடுக்க 53-வது பிரிவு இடம் தருகிறது.

இங்கிலாந்தில் சாக்ஸன் குழுவின் வழக்கில் 2003-இல் வந்த தீர்ப்பும் இதே தடத்தில்தான் போகிறது. விலகிய கிரஹாம் ஆலிவரும் ஸ்டீவ் டாசனும் சாக்ஸன் பெயரைத் தங்கள் பெயரில் பதிவு செய்தார்கள். மாறான ஒப்பந்தம் இல்லாத இடத்தில் பெயர் கூட்டாண்மையின் சொத்து, தனித்தனி உறுப்பினர் அதைப் பிய்த்துக்கொண்டு போக முடியாது என்று சொல்லி அந்தப் பதிவை நீதிமன்றம் செல்லாததாக்கியது. முந்திக்கொண்டு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

வழக்காடுவது

நார்வேயின் கோர்கோரோத் 2007 அக்டோபரில் பிளந்தது. பாடகர் கால் (Gaahl), பேஸிஸ்ட் கிங் இருவரும் ஒரு பக்கம், குழுவைத் தொடங்கிய கிடாரிஸ்ட் இன்ஃபெர்னஸ் மறு பக்கம். பெயரைப் பதிவு செய்தது முதல் தரப்பு. 2009 மார்ச்சில் ஆஸ்லோ நீதிமன்றம் இன்ஃபெர்னஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்ததால் இதை வேகமான வழக்கு என்றே சொல்லலாம். போலந்தின் பாதுஷ்காவைப் பாருங்கள். 2018 கடைசியில் பிரிந்து, 2019-இல் இரு தரப்பும் அதே பெயரில் சில வாரங்கள் இடைவெளியில் ஆளுக்கொரு ஆல்பம் போட்டார்கள். பாடகர் கிரிசியுக் தரப்பு பேட்ரியார்க் என்று பெயரை மாற்றிக்கொள்ள 2024 வரை ஆயிற்று. ஒரு குழுவின் நல்ல காலமே அவ்வளவுதான்.

நம் ஊரில் இந்த வழியின் செலவு இரண்டு நிலையில் வரும். பதிவேட்டு நிலை மலிவு. தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு ₹4,500. குழுவுக்குத் தேவைப்படுவது பொதுவாக மூன்று வகுப்பு: இசைப் பதிவுகளுக்கு 9, டி-ஷர்ட்டுக்கு 25, கச்சேரிக்கு 41. ஆக ₹13,500. பதிவு 10 ஆண்டு செல்லும். எதிர்த் தரப்பு விண்ணப்பித்து அது வணிகக் குறி இதழில் வெளியானால், எதிர்ப்பு மனு போட 4 மாதம்தான் நேரம். வகுப்புக்கு ₹2,700. இந்த 4 மாதம் நீட்டிக்கப்படாது. "பேசிட்டிருக்கோமுங்க, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டுக் கெடு தாண்டிப் போவதுதான் இந்த விவகாரத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு. சமாதானப் பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், எதிர்ப்பு மனுவைப் போட்டு வையுங்கள். ஒத்துப்போனால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

நீதிமன்ற நிலைதான் கனமானது. வணிகக் குறி வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. அவசரத் தடை கேட்காத வணிக வழக்கு என்றால், முதலில் சமரச மையம் போய்விட்டு வர வேண்டும். அவசரத் தடை கேட்பதென்றால், ஆல்பம் அறிவிப்பு வந்த வாரத்திலேயே கேட்க வேண்டும். ஆறு மாதம் கைகட்டிப் பார்த்திருந்துவிட்டு, வெளியீட்டுக்கு முதல் நாள் ஓடினால், "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

சான்று என்று வரும்போது நமக்கு மிக நெருக்கமான வழக்கு மெட்டலில் இல்லை, திருநெல்வேலி அல்வாவில் இருக்கிறது. இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொன்னது: முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவு செய்தவரின் உரிமையைவிட மேலானது. ஆகவே பழைய போஸ்டர், தேதி போட்ட கல்லூரி அழைப்புக் கடிதம், டிக்கெட் பில், முதல் பாட்டு பதிவேறிய நாள், பனியன் கம்பெனியின் இன்வாய்ஸ் எல்லாம் சொத்துப் பத்திரத்துக்குச் சமம். ஆனால் இதில் ஒரு முள் உண்டு. அந்தச் சான்றெல்லாம் ஐந்து பேரும் சேர்ந்து பயன்படுத்தியதைக் காட்டுமே தவிர, ஒருவர் மட்டும் பயன்படுத்தியதைக் காட்டாது. வெளி ஆள் பெயரைத் திருடினால் இந்தச் சான்று வாள். பங்காளிச் சண்டையில் அதன் கூர் பாதி மழுங்கிவிடும்.

என் கணிப்பில், வழக்குக்குப் போக நியாயமான காரணம் இரண்டுதான். ஒன்று, உங்களுக்குத் தெரியாமல் ஒருவர் மட்டும் தன் பெயரில் பதிவு செய்திருப்பது. இன்னொன்று, உங்கள் பாட்டையே நீங்கள் வாசிக்க விடாமல் தடுப்பது.

ஒட்டுச் சொல் சேர்ப்பது

பெயர் கெடாது, சண்டையும் தணியும் என்று நினைத்துப் பலர் இதில் இறங்குகிறார்கள். இத்தாலியின் ராப்சடி 2006-இல் ராப்சடி ஆஃப் ஃபயர் ஆனது. 2011-இல் பிரிந்த லூக்கா துரில்லி, லூக்கா துரில்லிஸ் ராப்சடி என்று வைத்துக்கொண்டார். அந்தப் பிரிவு இணக்கமாகவே நடந்தது. சுவீடனின் என்டூம்ப்ட் குழுவில் பாடகர் பெட்ரோவ் 2014-இல் என்டூம்ப்ட் ஏ.டி. என்று தொடர்ந்தார். எல்.ஏ. கன்ஸ் 2021 உடன்பாட்டில் டிரம்மர் ஸ்டீவ் ரைலியின் தரப்பு ரைலிஸ் எல்.ஏ. கன்ஸ் ஆயிற்று.

மறு பக்கம் அமெரிக்கக் குழுவான கயஸ் இருக்கிறது. ஜான் கார்சியாவும் பிராண்ட் பியார்க்கும் கயஸ் லைவ்ஸ் என்ற பெயரில் சுற்றி வந்தார்கள். பழைய உறுப்பினர்கள் ஜாஷ் ஹோமியும் ஸ்காட் ரீடரும் வழக்குப் போட்டார்கள். மேடையில் அந்தப் பெயர் இருக்கலாம், ஆல்பத்தில் கூடாது என்ற திசையில் 2012-இல் நீதிமன்றம் சொன்னது. ஆல்பம் போட முடியாத பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விஸ்டா சினோ என்று மாற்றி 2013-இல் ஆல்பத்தை வெளியிட்டார்கள்.

வேறுபாடு ஒன்றே ஒன்று: மறுதரப்பின் சம்மதக் கையெழுத்து. அது இருந்தால் ஒட்டுச் சொல் நிற்கும். இல்லாவிட்டால், கேட்பவர் காதில் ஓங்கி ஒலிக்கும் சொல் எதுவோ அதைத்தான் சட்டம் பார்க்கும். அந்த அல்வா வழக்கில் "இருட்டுக்கடை" என்ற பெயருக்கு முன்னால் "திருநெல்வேலி" சேர்த்ததும் எதிராளியைக் காப்பாற்றவில்லை. "கோவை", "ஒரிஜினல்", "2.0" சேர்ப்பதும் அதே கதிதான். நம் ஊரில் அண்ணன் தம்பி பிரிந்த கடைகளில் "பழைய", "அசல்" என்று பலகை வைப்பதைப் பார்த்துப் பழகியதால் இது செல்லும் என்று தோன்றுகிறது. யாரும் வழக்குப் போடாத வரைதான் அது செல்லும்.

ஸ்ட்ரீமிங்கில் வேறு தொல்லை உண்டு. ஒரே பெயர்த் தண்டுள்ள இரண்டு குழுவின் பாட்டு தவறான கலைஞர் பக்கத்தில் போய் விழும். வெளியீட்டு நாளில் விழுந்தால், அதைச் சரிசெய்வதற்குள் முதல் வாரக் கேட்பு மறுதரப்பின் கணக்கில் சேர்ந்துவிடும். தமிழ்ப் பெயருக்கு இன்னும் சிக்கல். 'ழ' வரும் பெயரை ஒருவர் இசட்-ஹெச் போட்டு எழுதுவார், இன்னொருவர் எல் போட்டு எழுதுவார். தேடுபவர் இரண்டிலும் மாட்டிக்கொள்வார்.

ஒட்டே இல்லாமல் இருவரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் குழுவான குயின்ஸ்ரைக் சாட்சி. பாடகர் ஜெஃப் டேட் 2012-இல் நீக்கப்பட்டார். வழக்கு முடியும் வரை இருவரும் பெயரைப் பயன்படுத்தலாம் என்று நீதிமன்றம் விட்டது. 2013 ஏப்ரலில் டேட் தரப்பு ஃபிரீக்வென்ஸி அன்னோன் ஆல்பத்தைப் போட்டது, ஜூனில் மற்றவர்கள் குழுவின் பெயரிலேயே ஒன்றைப் போட்டார்கள். டேட் தரப்பு ஆல்பத்தின் மிக்சிங் அவ்வளவு விமர்சனம் வாங்கி, மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட வேண்டியதாயிற்று. பெயரை முந்திப் பிடிக்க ஆல்பத்தை அவசரப்படுத்தினால் அடி பாட்டின் மேல்தான் விழும். எந்தக் குழுவும் இந்த நிலைக்குப் போகவே கூடாது.

புதுப் பெயர்

கோர்கோரோத் வழக்கில் தோற்றவர்கள் காட் சீட் ஆனார்கள். செபல்டுராவை விட்டு 1996-இல் விலகிய மேக்ஸ் கவலேரா, 1998-இலேயே சோல்ஃப்ளையின் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். பெயர் போனதே என்று உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டில் ஆல்பம் வந்திருக்காது.

இதில் கெட்டிக்காரத்தனமான முடிவு ஹெவன் அண்ட் ஹெல். ஐயோமி, டியோ, கீசர் பட்லர், வின்னி அப்பீஸ் நால்வரும் 2006-இல் சேர்ந்தபோது தாங்கள் முன்பு இருந்த பிளாக் சப்பாத்தின் பெயரை விட்டுவிட்டு, அந்தக் குழு 1980-இல் போட்ட ஆல்பத்தின் தலைப்பையே குழுவின் பெயராக வைத்தார்கள். தெரிந்தவருக்கு ஒரு சொல்லில் எல்லாம் புரிந்துவிட்டது. உங்கள் பழைய ஆல்பத்தில் நீங்கள் எழுதிய பாட்டின் தலைப்பு ஒன்று கல்லூரிக் கூட்டம் சேர்ந்து கத்தும் சொல்லாக இருந்தால், அதுதான் கையில் இருக்கும் மிக நல்ல பெயர். மறுதரப்பு அதையும் தகராறு செய்யாமல் இருக்க ஒரு வரி சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயரை முடிவு செய்யும் முன் வணிகக் குறிப் பதிவேட்டின் இலவசத் தேடலில் 9, 25, 41 மூன்று வகுப்பிலும், எழுத்தொப்புமை, ஒலியொப்புமை இரண்டு முறையிலும் தேடுங்கள். பிறகு ஸ்ட்ரீமிங் தளங்களில் தேடுங்கள். ஐரோப்பாவில் எங்கோ அதே பெயரில் ஒரு பிளாக் மெட்டல் குழு நிச்சயம் இருக்கும் என்ற நினைப்போடு தேடினால்தான் கண்ணில் படும்.

இழப்பும் சொல்ல வேண்டும். பழைய கலைஞர் பக்கத்தின் பின்தொடர்வோர் தானாக வரமாட்டார்கள். போஸ்டரில் "முன்னாள்" என்று போட்டுப் பழைய குழுவின் பெயரைக் குறிப்பிடலாம், அது உண்மை விவரமாக, உங்கள் புதுப் பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருக்கும் வரை. பழைய பெயர் பெரிதாகவும் "முன்னாள்" கடுகளவாகவும் இருந்தால் அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வரும்.

எழுதிப் பிரித்துக்கொள்வது

குயின்ஸ்ரைக் 2014 ஏப்ரலில் முடிந்த விதத்தைப் பாருங்கள். பெயர் மற்ற மூவருக்கு. ஆபரேஷன்: மைண்ட்கிரைம் ஆல்பத்தின் இரண்டு பாகங்களையும் மேடையில் முழுதாக வாசிக்கும் தனியுரிமை டேட்டுக்கு. தோட்டம் ஒருவருக்கு, கிணற்று முறை இன்னொருவருக்கு. அமெரிக்கக் குழுவான கிரோ-மேக்ஸின் சண்டையும் 2019-இல் இதே மாதிரி முடிந்தது: பெயர் ஹார்லி ஃபிளானகனுக்கு, ஜான் ஜோசப் தரப்புக்கு கிரோ-மேக்ஸ் ஜே.எம். இரண்டு ஆண்டு சண்டைக்குப் பிறகு வந்து சேர்ந்த இடத்துக்கு முதல் மாதமே வந்திருக்கலாமே என்ற ஆதங்கம் இந்த வழக்குகளைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது.

தாளில் இருக்க வேண்டியவை: பெயர் யாருக்கு, என்றிலிருந்து, விலகுபவருக்கு அதற்கு ஈடாக என்ன தொகை அல்லது பழைய ஆல்பத்தில் எத்தனை சதவீதம், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, பழைய பாட்டுகளை மேடையில் யார் யார் வாசிக்கலாம், வெளிவராத புது ஆல்பத்தில் விலகியவர் வாசித்த பகுதி அப்படியே இருக்குமா, மறுபதிவா, அட்டையில் அவர் பெயர் எப்படி வரும், "முன்னாள்" எழுத்தின் அளவு, கையிருப்பு டி-ஷர்ட்டை எந்தத் தேதி வரை விற்கலாம். "எல்லாரும் கூட்டாக வைத்துக்கொள்வோம்" என்று எழுதுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கூட்டு உரிமையாளர்கள் குறியை எல்லோர் சார்பிலும் சேர்ந்துதான் பயன்படுத்த முடியும் என்கிறது வணிகக் குறிச் சட்டத்தின் 24-வது பிரிவு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளுக்கு அது பூட்டிய வீடு.

எதை எடுப்பது?

ஒரு இ.பி. (சில பாட்டு மட்டும் உள்ள சிறு ஆல்பம்), பத்துப் பதினைந்து கச்சேரி வரை வந்த குழு என்றால் தயக்கமே வேண்டாம், புதுப் பெயர். ₹13,500-ஐயும் ஒரு மாதத்தையும் அதில் போடுங்கள், கூடவே பழைய பாட்டுகளுக்கு மட்டும் இரண்டு பக்க உடன்பாடு. ஏழெட்டு ஆண்டு உழைத்து, வெளியூர் விழாக்களுக்கு அழைப்பு வரும் குழு என்றால் நான்காம் வழி. பெயர் பாட்டு எழுதியவரோடும் பாடகரோடும் சேர்ந்து நிற்கட்டும்; அந்த இருவரே எதிரெதிராக நின்றால் பெயரை மூட்டை கட்டி வைத்துவிட்டு இருவருமே புதிதாகத் தொடங்குவது ரசிகனுக்குச் செய்யும் மரியாதை. ஒட்டுச் சொல், கையெழுத்து இருந்தால் மட்டும்.

எந்த வழியானாலும் ஆல்பத்தை வெளியிடும் ஒழுங்கு ஒன்றுதான். பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றும் விநியோகக் கணக்கு யார் மின்னஞ்சலில் இருக்கிறது என்று பார்த்து, அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டை வேறு கணக்குக்கு மாற்றுவதானால் அதே ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்), அதே ஆடியோ, அதே தலைப்பு எழுத்துக்கூட்டல். புதியது தளத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதை இறக்க வேண்டும். முதலிலேயே இறக்கினால் கேட்பு எண்ணிக்கையும் பட்டியல்களில் இருந்த இடமும் போய்விடும். யூடியூப் சேனலில் புதியவரை உரிமையாளராகச் சேர்த்து 7 நாள் கழித்துத்தான் முதன்மை உரிமையை மாற்ற முடியும், அதையும் நாட்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த டி-ஷர்ட். தகராறு நடக்கும்போது 200 பீஸ் கருப்புத் துணியில் பெயரோடு அடித்துவிட்டால் அது மூலையில் கிடக்கும். பட்டறையில் ஓவியத்துக்குத் தனி ஸ்கிரீன், பெயருக்குத் தனி ஸ்கிரீன் போடச் சொல்லுங்கள். முன்பக்க ஓவியத்தை மட்டும் இப்போது அடித்து, பெயரை முதுகுப் பக்கத்துக்கு ஒதுக்கி, கையெழுத்தான பிறகு அடிக்கலாம். பெயர் மாறினால் நஷ்டம் ஒரே ஒரு ஸ்கிரீன். பிளாஸ்டிசால் (சூட்டில் கெட்டியாகும் பிளாஸ்டிக்) மை என்றால் இரண்டாம் முறையும் சுமார் 160 டிகிரி செல்சியஸில் முழுதாக க்யூரிங் ஆக வேண்டும், அதாவது வெந்து இறுக வேண்டும். அவசரத்தில் சூடேற்றும் இயந்திரத்தின் பெல்ட்டை வேகமாக ஓட்டினால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே வெந்திருக்காது. ஒரு பீஸை எடுத்து அச்சின் மேல் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். எழுத்து விரிசல் விட்டால் அந்த லாட்டைத் திரும்ப உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.